சமுதாய வானொலியில் ஊர்ப் பேட்டி: புதிதாக மைக் பிடிப்பவர்களுக்கு

ஒரு ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் எட்டும் சிறு வானொலிதான் சமுதாய வானொலி. அதற்குத் தன்னார்வலராக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் வேலை பேட்டிதான். பாட்டுப் போடக் கணினி இருக்கிறது, அறிவிப்பு வாசிக்க ஏற்கெனவே ஆள் இருப்பார்கள். ஊருக்குள் போய் நாலு பேரிடம் பேசி, அதைப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சியாகக் கொண்டுவரத்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை. அப்படிப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நிலையங்களை மனதில் வைத்து எழுதினாலும், விதிகள் இந்தியா முழுக்க ஒன்றுதான்.

முதலில் இந்த நிலையங்கள் வந்த வழியையும் அவற்றின் அளவையும் புரிந்துகொள்ளுங்கள். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2006-இல் விதி மாறி, தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் உரிமம் கேட்கலாம் என்றானது. பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை, நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் போன்ற நிலையங்கள் அந்த வழியில் வந்தவை. பொதுவாக இவற்றின் அலைபரப்புத் திறன் 100 வாட். சமவெளியாக இருந்தால் சுமார் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும், அவ்வளவுதான்.

அந்தப் பத்து கிலோமீட்டர்தான் நம் பலம். கேட்பவருக்கு அந்தப் பேருந்து நிறுத்தம் தெரியும், அந்த ரேஷன் கடை தெரியும், பேசுகிறவரின் குடும்பமே தெரிந்திருக்கும். அதனால் பேட்டியின் தரத்தைப் பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: நிகழ்ச்சியைக் கேட்டு முடித்த அம்மா, நாளைக் காலையில் எந்த அலுவலகத்துக்கு, எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று தெரிந்து எழுந்தாரா? எழுந்தார் என்றால் அது நல்ல பேட்டி. குரல் கொஞ்சம் பிசிறியிருந்தாலும் பரவாயில்லை.

எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மைக்கைத் தொடாதீர்கள். இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. நடப்பு அரசியல் நிகழ்ச்சிகளும் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அல்லது உள்ளூர் வழக்கில் மொழிபெயர்த்துச் சொல்லலாம். மொழிபெயர்ப்பு சரியாக இருப்பதற்கு நிலையம்தான் பொறுப்பு.

அப்படியானால் ஊர் விஷயத்தைப் பேசவே முடியாதா என்று புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். அப்படி இல்லை. விதியே சிலவற்றைச் செய்திக் கணக்கில் சேர்ப்பதில்லை: உள்ளூர் விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, பண்பாட்டு நிகழ்ச்சி, தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், நோய்த் தடுப்பு குறித்து உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தரும் அறிவிப்புகள். ஒரு ஊரின் அன்றாடத்தில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. வேளாண்மை, உடல்நலம், கல்வி, சட்ட விழிப்புணர்வு, அரசுத் திட்டங்கள் ஆகியவைதான் நிலையங்கள் இயங்குவதற்கே அடிப்படை.

கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். கீழத்தெருவுக்குச் சாலை போட்டதில் பணம் தின்றுவிட்டார்கள் என்று ஒருவர் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார். அதை ஒலிபரப்ப முடியாது. அதே தெருவுக்குச் சாலை கேட்டு யாரிடம் மனு கொடுப்பது, கிராம சபையில் அதை எப்படித் தீர்மானமாகக் கொண்டுவருவது, போட்ட சாலையின் மதிப்பீட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது என்று ஒரு வழக்கறிஞரையோ, அப்படிக் கேட்டு வாங்கிய ஊர்க்காரரையோ பேச வைக்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் என்பதையும் அந்தப் பேட்டியிலேயே சொல்லிவிடலாம். இரண்டாவது வழி பின்வாங்கல் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பேட்டியால் கேட்பவருக்குக் கோபம் மட்டும்தான் வரும், இரண்டாவதால் கையில் ஒரு மனு வரும்.

இந்தத் தடை நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தனியார் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கச் செய்தி வாசிக்கும் நாட்டில், பத்து கிலோமீட்டர் நிலையத்துக்குப் பூட்டு எதற்கு? ஆனால் அந்த வாதத்தை வைக்கும் இடம் ஒலிபரப்பு அல்ல. விதி மீறினால் உரிமம் போகும், அந்த ஊருக்கு இருக்கிற ஒரே வானொலியும் போய்விடும். சந்தேகமாக இருந்தால் நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேர்தல் காலத்தில் வேட்பாளர், கட்சிப் பொறுப்பாளர் யாரையும் நீங்களாகப் பேட்டிக்குக் கூப்பிடாதீர்கள்.

யாரைப் பேச வைப்பது

புதியவர்கள் நேராகப் பெரிய அதிகாரியிடம் போகிறார்கள். அவர் பேசுவது பெரும்பாலும் திட்டக் குறிப்பேட்டில் அச்சாகி இருப்பதுதான். குடிநீர் பற்றியா? டேங்க் ஆபரேட்டரிடம் போங்கள். தடுப்பூசி பற்றியா? வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போங்கள். பட்டா மாறுதலுக்கு, இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் எந்தக் காகிதம் இல்லாமல் மனு திரும்புகிறது என்று தெரியும். வேலையைக் கையால் செய்கிறவருக்கே அதன் சிக்கல் தெரியும். அவரிடம் பேசிய பிறகு அதிகாரியிடம் போனால், உங்களிடம் கேட்க உருப்படியான கேள்வி இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அரசு ஊழியர்களில் பலருக்கு ஊடகத்தில் பேச மேலதிகாரியின் அனுமதி தேவைப்படும். அவர் ஆர்வத்தில் சரி என்று சொன்னாலும், நீங்கள் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். மாவட்டத் தலைநகரில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை நேரில் போய் நிலையத்தை அறிமுகப்படுத்தி வைத்தால் பல கதவுகள் சுலபமாகத் திறக்கும். நம்மிடம் பேசியதற்காக ஒரு தற்காலிகப் பணியாளருக்கு மெமோ வரக்கூடாது.

இன்னொரு பக்கம், பயன் பெற்றவர் அல்லது பயன் கிடைக்காமல் அலைந்தவர். இந்த இரு குரலும் இல்லாவிட்டால் நிகழ்ச்சி அறிவிப்பாகிவிடும். பெண்களைத் தேடிப் போங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீக்கடை வாசலில் மைக் நீட்டினால் ஆண்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். மகளிர் சுய உதவிக் குழு கூடும் நாள், ரேஷன் கடையில் சர்க்கரை போடும் நாள், அங்கன்வாடியில் பிள்ளைகளை அழைக்க வரும் நேரம், இவை தெரிந்திருந்தால் பெண்களின் குரல் தானாகக் கிடைக்கும். தெலங்கானாவில் பஸ்தாபூர் பக்கம் 2008 முதல் இயங்கும் சங்கம் ரேடியோவை தலித் பெண்களே நடத்துகிறார்கள். விதை, பயிர், உடல்நலம், பாட்டு எல்லாம் அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே போகிறது. நம் நிலையங்களில் மைக் பிடிக்கும் பெண்களின் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போவதற்கு முன்னால்

மூன்று வேலை. ஒன்று, இடத்தை ஒருமுறை மைக் இல்லாமல் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி என்றால், கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தேதி உங்கள் முதல் கேள்வியாக இருக்கலாம். இரண்டு, காகிதம். அரசாணையோ, துண்டறிக்கையோ, மனுப் படிவமோ எதுவாக இருந்தாலும் நீங்கள் முழுக்கப் படித்திருக்க வேண்டும். படிக்காமல் போனால் அவர் சொல்லும் தவறான தேதியும் உங்கள் நிலையத்தின் பெயரில்தான் போகும். மூன்று, இந்த நிகழ்ச்சியில் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பேட்டிக்கு இன்னும் நேரமாகவில்லை.

கிராம சபைத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்த நாட்களில் கூட்டம் நடக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே 'கிராம சபையில் என்ன கேட்கலாம்' என்று ஒரு பேட்டி போட்டால், அதைப்போலப் பயன்படும் நிகழ்ச்சி வேறு இல்லை. கிழக்குக் கடலோர நிலையம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருவதற்கு முன்பே நிவாரணத்துக்கான ஆவணங்கள் பற்றிப் பேசிவிட வேண்டும். தடைக்காலம் பாதி ஓடிய பிறகு பேசி யாருக்குப் பயன்?

பேச இருப்பவரிடம் முன்கூட்டியே எதைப் பற்றிப் பேசப் போகிறோம், எவ்வளவு நேரம், எந்த நாளில் ஒலிபரப்பு என்று சொல்லிவிடுங்கள். ஆனால் கேள்விகளை வரிவரியாக எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பதிலை எழுதி வைத்து வாசிப்பார். வாசிப்புக் குரல் நேயருக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி

பேட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புதியவர் டேங்க் ஆபரேட்டரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "நம்ம ஊர் தண்ணிப் பிரச்சினை பத்தி நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?" பாவம், அவர் என்ன சொல்வார்? "தண்ணி எல்லாருக்கும் கிடைக்கணுங்க, நாமளும் சிக்கனமா இருக்கணுங்க" என்பார். முடிந்தது. இப்போது வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்.

"காலையில மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்கண்ணே?"

"அஞ்சரைக்கு. கரண்ட் இருந்தா."

"டேங்க் ரொம்ப எவ்வளவு நேரமாகும்?"

"மழை நாள்ல ரெண்டு மணி நேரம். இப்ப மூணுக்கு மேல ஆகுது."

"ஏன் இப்ப கூட ஆகுது?"

"போர்ல தண்ணி கீழ போயிருச்சு. அரை மணி ஓடுனா வெறும் காத்துதான் வருது. நிறுத்தி வச்சு, ஊறுனப்புறம் திரும்பப் போடணும்."

"அப்ப மேலத்தெரு கடைசி வீட்டுக்குத் தண்ணி எப்பப் போய்ச் சேரும்?"

"அங்கதான் சிக்கல். வழியில சில பேரு குழாய்ல மோட்டார் வச்சு உறிஞ்சிடறாங்க. கடைசி வீட்டுக்கு ஒரு குடம் வர்றதே பெரிசு."

எந்தக் கேள்வியிலும் பெரிய வார்த்தை இல்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், ஏன், எப்போது, இவ்வளவுதான். ஆனால் நிலத்தடி நீர், மின்சாரம், அண்டை வீட்டார் செய்யும் அநியாயம் எல்லாம் அவராகவே சொல்லிவிட்டார். இதற்குப் பிறகு "இதை நிறுத்த ஊராட்சியில என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதிலுக்கு எடை இருக்கும். கருத்தைக் கேட்காதீர்கள், நடப்பதைக் கேளுங்கள். கருத்து தானாக வரும்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. "எப்ப ஆரம்பிச்சீங்க, எப்படி ஆரம்பிச்சீங்க, குடும்பத்துல என்ன சொன்னாங்க?" என்று மூன்றைக் கோத்துக் கேட்டால், கடைசியானதற்கு மட்டும்தான் பதில் வரும். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பதும் நம்மிடம் பரவலாக இருக்கிற பழக்கம்: "இந்தத் திட்டத்தால நீங்க ரொம்பப் பயனடைஞ்சிருப்பீங்க, இல்லையா?" அவர் ஆமாம் என்று தலையாட்டுவார். தலையாட்டுவது வானொலியில் கேட்காது.

அதேபோல் கையால் காட்டுவதும் கேட்காது. "தண்ணி இவ்வளவு உயரத்துக்கு நின்னுச்சு" என்று ஒருவர் கையைக் காட்டினால், நீங்கள்தான் "முழங்கால் அளவுக்கா, இடுப்பளவுக்கா?" என்று கேட்டு வாயால் சொல்ல வைக்க வேண்டும். "இந்தப் பூச்சிதாங்க" என்று இலையைக் காட்டினால், என்ன நிறம், எவ்வளவு பெரிசு, இலைக்கு மேலா அடியிலா என்று கேளுங்கள். நேயருக்குக் கண் நீங்கள்தான்.

அவர் பேசும்போது நடுவில் 'ம்ம்', 'ஆமாமா', 'சரிங்க' என்று போடுவது மரியாதை என்று பழகியிருக்கிறோம். ஒலிப்பதிவில் அது இரைச்சல், வெட்டி எடுக்கவும் முடியாது. கண்ணைப் பார்த்துத் தலையை மட்டும் அசையுங்கள். அவர் பேசி நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். இரண்டு மூன்று நொடி பேசாமல் இருங்கள். முக்கியமானதை அந்த இடைவெளியில்தான் பலரும் சொல்கிறார்கள்.

மொழி. வயதில் பெரியவரை ஊர் வழக்கப்படி ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்றே கூப்பிடுங்கள். கூச்சம் போய்விடும். அதிகாரியாக இருந்தாலும் வேலையாளாக இருந்தாலும் 'நீங்க, வாங்க' மாறக்கூடாது. கலெக்டரிடம் குனிந்தும் துப்புரவுப் பணியாளரிடம் ஒருமையிலும் பேசும் குரலை ஊர் முழுக்கக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். பேசுகிறவரின் வழக்கைத் திருத்தாதீர்கள். பாக் நீரிணைக் கரையில் மீனவர் வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்றுதான் காற்றைச் சொல்வார். அவரிடம் "வடகிழக்குத் திசைக் காற்றுதானே?" என்று விளக்கம் கேட்டு உயிரை எடுக்க வேண்டாம். மாறாக, வானிலை அறிவிப்பில் திசையும் வேகமும் வரும்போது, அது எந்தக் காற்று, எத்தனை பாகத்தில் (கடலின் ஆழத்தை மீனவர் சொல்லும் அளவு) வலை போடுகிறவருக்குப் பாதிப்பு என்று அனுபவமுள்ள மீனவரைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரி துறைச் சொல்லில் பேசினாலும் இதே வேலைதான். 'உட்பிரிவு' என்றால் என்ன, 'தடையின்மைச் சான்று' யார் தருவார் என்று, தெரிந்தாலும் தெரியாதவரைப்போலக் கேளுங்கள். உங்களுக்காக அல்ல, கேட்பவருக்காக.

மைக்கும் இடமும்

நல்ல கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியே போதும். ஆனால் அதை விமானப் பயன்முறையில் போடுங்கள், பேட்டி நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். வேவ் (WAV) வடிவில், அதாவது ஒலியைச் சுருக்காமல் பதிவு செய்யும் செயலியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் நிலையத்துக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றே ஓரமாக இருக்கட்டும். நேராகப் பிடித்தால் ப, ப்ப எழுத்துகள் வெடிக்கும். மைக்கை எந்தக் காரணத்துக்காகவும் பேசுகிறவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் பேட்டி அவர் கையில் போய்விடும், உங்கள் கேள்வியும் பதிவாகாது. சில பிரமுகர்கள் கையை நீட்டி வாங்கப் பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டே இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பி மைக் என்றால் கம்பியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் உராயும் சத்தம் வராது.

ஹெட்போன் போடாமல் பதிவு செய்யாதீர்கள். நம் காது மின்விசிறிச் சத்தத்தை மறந்துவிடும், மைக் மறக்காது. வீட்டுக்குள் போனதும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜ் இருக்கும் அறையைத் தவிருங்கள். ஓடு அல்லது தகரக் கொட்டகையில் மழை நேரத்தில் பதிவு முடியாது, காத்திருங்கள். வெறும் சுவர் உள்ள புது வீட்டில் குரல் எதிரொலிக்கும். துணி மடித்து வைத்திருக்கும் அறையோ, நெல் மூட்டை அடுக்கிய இடமோ அதைவிட நூறு மடங்கு நல்லது. கடற்கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக் தலையில் பஞ்சுறை போட்டுக்கொள்ளுங்கள். படகு மறைவு கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒலி அளவு பார்க்க "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பது வானொலிக்காரர்களின் பழைய வழக்கம். அவர் இட்லி, சட்னி என்று சொல்லி முடிப்பதற்குள் லெவல் சரி செய்துவிடலாம், அவரது பதற்றமும் குறையும். குரல் உச்சத்துக்குப் போகும்போது ஒலி அளவைக் காட்டும் முள் சிவப்பைத் தொடக்கூடாது. குறைவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம், வெடித்துப் பதிவானதை மீட்க முடியாது.

பதிவு ஓடத் தொடங்கியதும் பெயர், ஊர், வேலை மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, "நீங்க பேசுறதைப் பதிவு செஞ்சு வானொலியில போட சம்மதங்களா?" என்று கேட்டு அந்த 'சம்மதம்' என்ற சொல்லையும் பதிந்துகொள்ளுங்கள். பேட்டி முடிந்து கிளம்பும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் எடுங்கள். எடிட் செய்யும்போது வெட்டிய இடத்தை ஒட்ட அது இல்லாமல் முடியாது. அப்படியே மோட்டார் ஓடும் சத்தம், மீன் ஏலம், பள்ளி மணி என்று அந்த இடத்துக்கே உரிய ஒலியையும் தனியாக ஒரு நிமிடம். தொடக்கத்தில் அதைப் போட்டால் எங்கே நிற்கிறோம் என்று அறிவிப்பாளர் சொல்லவே தேவையில்லை.

நொந்தவர்களிடம் பேசும்போது

விபத்து, தீ, வெள்ளம், சாவு நடந்த வீட்டில் மைக்கோடு போய் நிற்காதீர்கள். அங்கே பேட்டி எடுப்பதால் யாருக்காவது பயன் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது. வெள்ள நேரத்தில் பயன்படுவது வேறு வகை: முகாம் எங்கே, பால் எப்போது வரும், எந்தச் சாலை மூடியிருக்கிறது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண். 2015 வெள்ளத்தில் கடலூரில் 107.8 எஃப்.எம். அலைவரிசையில் இயங்கிய பேரிடர் வானொலியின் வேலை இதுதான்.

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்று 2012-இன் போக்சோ சட்டம் சொல்கிறது. பெயர், முகவரி, குடும்பம், பள்ளி, பகுதி எதுவும் கூடாது. பெரியவர்களாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் அடையாளத்தை வெளியிடுவது குற்றமே. பத்து கிலோமீட்டர் வானொலியில் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். 'கோயிலுக்குப் பின்தெருவில்' என்ற ஒரு சொல் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். பெயரை மாற்றிச் சொன்னாலும் குரல் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட விஷயங்களில் பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டு, குழந்தை நலப் பணியாளரிடமோ மருத்துவரிடமோ பேசி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சொல்லுங்கள். தற்கொலை பற்றிய பேச்சில் எப்படிச் செய்தார் என்பது வரவே கூடாது. ஆலோசனைக்கு 104 இருக்கிறது என்பது வந்தே ஆக வேண்டும்.

சிலர் பேசி முடித்து, மறுநாள் தயங்கிக்கொண்டே வந்து "அதைப் போட வேண்டாம் தம்பி" என்பார்கள். சரி என்று சொல்லி எடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி போனால் போகட்டும், நாளைக்கும் அதே தெருவில்தான் நாம் நடக்க வேண்டும்.

நேரலை

கொஞ்ச நாள் பதிவுப் பேட்டி பழகிய பிறகு வாருங்கள். தொலைபேசியில் நேயர் யார் மீதாவது பழி சொல்லத் தொடங்கினால், "அந்தப் பெயர் வேண்டாங்க, உங்க கேள்வி என்னன்னு சொல்லுங்க" என்று உடனே குறுக்கிட வேண்டும். ஒலியைக் குறைக்கும் பொத்தானில் எப்போதும் ஒரு கை இருக்கட்டும்.

வெட்டுதல்

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே தாராளம். முதலில் முழுப் பதிவையும் ஒருமுறை கேளுங்கள். நேயருக்குத் தேவை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்கு உதவாததை எடுத்துவிடுங்கள். உங்கள் கேள்விகளை முடிந்தவரை சுருக்குங்கள். இருமலையும் 'அது வந்து'களையும் கொஞ்சம் எடுக்கலாம், எல்லாவற்றையும் எடுத்தால் மனுஷர் பேசுவது போலவே இருக்காது. மூச்சை வெட்டாதீர்கள்.

அவர் சொன்னதன் பொருள் மாறும்படி வெட்டுவது பாவம். "பணம் வந்துச்சு, ஆனா எட்டு மாசம் அலைஞ்சேன்" என்பதில் முன்பாதியை மட்டும் வைத்தால் அது விளம்பரம். பின்பாதியை மட்டும் வைத்தால் புகார். இரண்டும் சேர்ந்தால்தான் நடந்தது.

'நாளைக்கு', 'அடுத்த வாரம்', 'இன்று மாலை' என்ற சொற்கள் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். பதிவு ஒரு நாள், ஒலிபரப்பு ஒரு நாள், மறு ஒலிபரப்பு இன்னொரு நாள். எந்த நாளைக்கு? கிழமையும் தேதியும்தான் இருக்க வேண்டும். தொலைபேசி எண் சொல்லப் போகிறோம் என்றால், முதலில் "பேனா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு எண்களாக நிதானமாக, இரண்டு முறை. நிகழ்ச்சி முடிவில் இன்னொரு முறை. எழுதப் படிக்கத் தெரியாத நேயர்களுக்கு எண்ணைவிட இடமே உதவும்: 'ஒன்றிய அலுவலகத்துக்குள்ள நுழைஞ்சதும் இடதுகைப் பக்கம் இரண்டாவது அறை.'

போட்ட பிறகு

பேசியவருக்கு ஒலிபரப்பு நேரத்தை முன்னதாகச் சொல்லுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பிரதியையும் அனுப்பிவிடுங்கள். ஒலிபரப்பிய எல்லா நிகழ்ச்சியையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. நிலையத்தில் அதற்கு ஆள் இருந்தாலும், உங்கள் வெட்டாத மூலப் பதிவையும் தேதி, ஊர், பொருள் என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாராவது வந்தால் அதுதான் சாட்சி.

தகவல் தவறாகப் போய்விட்டது தெரிந்தால், அதே நிகழ்ச்சி வரும் அதே நேரத்தில் திருத்தத்தைச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு யாரும் கேட்காத நேரத்தில் முணுமுணுப்பது திருத்தம் ஆகாது.

ஓரிரு வாரம் கழித்து அந்த அலுவலகத்தையும், பேசிய ஊர்க்காரரையும் கூப்பிட்டு விசாரியுங்கள். மனு கொடுத்தார்களா, வேலை நடந்ததா, எந்தக் காகிதத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள்? கிடைக்கும் பதில் இரண்டு நிமிடத்துக்கு இருந்தாலும் பதிந்து, பழைய நிகழ்ச்சியின் கடைசியில் சேர்த்து மறு ஒலிபரப்புக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். கடந்திருந்தால் அந்த வரியை வெட்டிவிட்டுப் புதிய தேதியை அறிவிப்பாளர் குரலில் சேருங்கள்.